ஆடியோ பாடங்களை மணிக்கணக்கில் அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களிடம் விற்கப்படும் ஆடியோ பாடங்களைப் பற்றி எழுதுகிறேன். நான் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் எங்கள் நர்ஸ் பிள்ளைகள் எதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், வாங்கியதை என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போக ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனி போக பி1, பி2 என்ற ஜெர்மன் மொழித் தேர்வுகள், வங்கியில் இருப்பவர்களுக்கு ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் தொழில் தேர்வு, அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் துறைத் தேர்வு என்று எதை எடுத்தாலும் "பஸ்ஸில் போகும்போதே கேட்டுப் படிக்கலாம்" என்று ஒரு ஆடியோ கோர்ஸ் வந்துவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மணிக்கணக்குதான். நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், வாங்குகிறவர்களும் பழைய பேப்பரை எடை பார்ப்பது மாதிரி அதையே ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். இந்த அளவுகோல் தப்பு. ஒருவர் கேட்டு முடித்து ஒரு வாரம் கழித்து அவரால் எதைப் பார்க்காமல் சொல்ல முடிகிறது, எதைச் செய்ய முடிகிறது என்பதை வைத்துத்தான் ஒரு ஆடியோ பாடத்துக்கு மதிப்புப் போட வேண்டும்.

ஆடியோவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1909-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிய ஊர் இது, இன்றைக்கும் வேலூர், காட்பாடி, பாகாயம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு மருத்துவமனையில் வேலை பார்ப்பார். குடியாத்தத்தில் இருந்தும் ஆரணியில் இருந்தும் ஆற்காட்டில் இருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் சமையல், குழந்தை, மாமியார் மாமனார் என்று இன்னொரு டியூட்டி காத்திருக்கும். மேசை போட்டு உட்கார்ந்து புத்தகம் விரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது, கிடைப்பது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் அரை மணி நேரம்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கும் இதே கதைதான். இப்படிப்பட்டவர்களுக்குக் காதால் படிப்பது பெரிய உதவி. அதனாலேயே அதில் மோசமான சரக்கை விற்பது எனக்குக் கோபம் தருகிறது, ஏனென்றால் இவர்களிடம் வீணாக்க நேரமே இல்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பாடம் காதுக்கு ஏற்றதா என்பது. இதை யாருமே கேட்பதில்லை. ஈ.சி.ஜி. பற்றி ஒரு மணி நேர ஆடியோ வைத்திருக்கிறார்கள், அந்த வரைபடக் கோட்டில் பி அலை இப்படி ஏறும், க்யூ.ஆர்.எஸ். அலை இப்படி அகலும் என்று ஒருவர் பேசிக்கொண்டே போகிறார். கண்ணால் பார்த்துப் பழக வேண்டிய கோட்டை வாயால் சொன்னால் யாருக்கு விளங்கும்? ஜே.ஏ.ஐ.ஐ.பி.யில் இப்போது இருக்கும் நான்கு தாள்களில் ஒன்று கணக்கியல், நிதி மேலாண்மை. அதில் பேலன்ஸ் ஷீட்டை வரிக்கு வரி வாசித்துக் காட்டுகிற ஆடியோவை எனக்குத் தெரிந்த ஒரு வங்கி ஊழியர் போட்டுக் காட்டினார். பற்று இவ்வளவு, வரவு இவ்வளவு என்று எண்களாகவே வருகிறது, மூன்றாவது எண் வரும்போது முதல் எண் மறந்துவிடுகிறது. ஆனால் அதே தேர்வில் வாடிக்கையாளர் புகார், கே.ஒய்.சி. விதிகள், கடன் வகைகள் போன்றவற்றை ஒரு கிளையில் நடக்கும் உரையாடலாகச் சொன்னால் காது நன்றாகவே வாங்கிக்கொள்ளும்.

எங்கள் துறையில் காதுக்கு என்றே சில பாடங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் இந்தக் கோர்ஸ்களில் தேடினாலும் கிடைப்பதில்லை. நுரையீரலில் கேட்கும் கரகரப்பு, இழுப்பின் விசில் சத்தம், தொண்டை அடைத்தால் வரும் சத்தம், இவற்றை எந்தப் புத்தகமும் கற்றுத்தர முடியாது, கேட்டுத்தான் பழக வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதயத் துடிப்பின் சத்தம் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடித்தொனி, போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அதைச் சரியாக எழுப்ப முடியாது. ஹெட்செட் போட்டுக் கேளுங்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்கிற பாடத்தைத் தயாரித்தவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பலாம்.

அடுத்தது, கேட்கிறவரை வேலை வாங்குகிறதா என்பது. நான் கேட்டுப் பார்த்த ஆடியோக்களில் பாதிக்கு மேல் வெறும் சொற்பொழிவு. ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார், கேட்கிறவர் தலையாட்டிக்கொண்டு போகிறார், இறங்கும் ஸ்டாப் வந்ததும் பாடமும் இறங்கிவிடுகிறது. பால் பிம்ஸ்லர் என்ற அமெரிக்க மொழியியல் பேராசிரியர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புதுச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தால் 5 நொடியில் ஒருமுறை, 25 நொடியில் ஒருமுறை, அப்புறம் 2 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம், 5 மணி நேரம், 1 நாள் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போய்த் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது அவர் சொன்னது. கேட்க வேண்டும் என்றால் கேள்வியாகக் கேட்பது, பதில் சொல்ல இடைவெளி விடுவது. அந்த இடைவெளியில்தான் படிப்பே நடக்கிறது. ஆனால் இங்கே ஆடியோ தயாரிக்கிறவர்கள் நொடிக்கணக்கில் மௌனம் வந்தால் வாங்கியவர் போன் போட்டுச் சண்டை பிடிப்பார் என்று பயந்து எல்லா இடைவெளியையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

வெறுமனே கேட்பது எவ்வளவு பலவீனமானது என்பதற்கு 2010-ல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. டேனியல், வுடி என்ற இரண்டு அமெரிக்க உளவியல் பேராசிரியர்கள் செய்தது. ஒரே கட்டுரையைச் சில மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள், சிலருக்கு ஆடியோவாகக் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து வகுப்பில் சின்னத் தேர்வு வைத்தபோது படித்தவர்கள் சராசரியாக 81 சதவீதம் எடுத்தார்கள், கேட்டவர்கள் 59 சதவீதம். கதையையோ செய்தியையோ கேட்டால் இவ்வளவு வித்தியாசம் வராது. பாடம் கடினமாக இருந்தால், திரும்பிப் போய் ஒரு வரியை மறுபடி பார்க்க வேண்டியிருந்தால், காது பின்தங்குகிறது. ஆகவே கடினமான பாடத்தை ஆடியோவாக விற்கிறவர் அந்தக் குறையை எப்படிச் சரிக்கட்டியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கூடவே எழுத்து வடிவம் கொடுத்திருக்கிறாரா, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறாரா, துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறாரா? ஒரு மணி நேரம் ஒரே ஃபைலாக இருந்தால் நடுவில் விட்ட இடத்தைத் தேடவே பஸ் பயணம் முடிந்துவிடும்.

நம் நாட்டிலேயே இதைச் சோதித்து அறுபது, எழுபது வருடம் ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1956-ல் புனே வானொலி நிலையத்தில் இருந்து, யுனெஸ்கோ உதவியுடன், சுமார் 150 கிராமங்களில் விவசாயிகளுக்கான வானொலி மன்றம் என்று ஒன்றை நடத்தினார்கள். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, ஊரில் கொஞ்சம் பேர் கூடி உட்கார்ந்து கேட்பார்கள், முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். அதோடு விடவில்லை. மன்றம் இருந்த கிராமம், ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமம், ரேடியோவே இல்லாத கிராமம் என்று மூன்றையும் ஒப்பிட்டு, நிகழ்ச்சிகளுக்கு முன்னும் பின்னும் மக்களுக்கு என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். கேட்டுவிட்டுப் பேசியவர்கள்தான் வெகுவாக முன்னேறியிருந்தார்கள், ரேடியோ மட்டும் இருந்த ஊர் அந்த அளவுக்கு வரவில்லை. நம் தஞ்சாவூர்ப் பக்கம் 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியில் கேட்டுப் பயிர் செய்தவர்கள் அதை ரேடியோ நெல் என்றே சொன்னதும் இதே மாதிரிதான், கேட்டதை அந்தப் போகத்திலேயே வயலில் செய்து பார்க்க முடிந்தது. இவ்வளவு அனுபவம் இருக்கிற நாட்டில் இன்றைக்கு விற்கிற ஒரு ஆடியோ கோர்ஸாவது முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தோம், இவ்வளவு வித்தியாசம் வந்தது என்று போட்டு நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர்கள் போட்டோவைப் போடுகிறார்கள். அவர்கள் ஆடியோ கேட்டதால் ஜெயித்தார்களா, கோச்சிங் சென்டருக்கும் போனதால் ஜெயித்தார்களா என்பது அந்தப் போட்டோவில் தெரியாது.

ஒலித் தரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், எங்கள் தொழிலில் இது உயிர் சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் இரைச்சலில் ஒன்று போலவே கேட்கும். 15 மில்லிகிராம் மருந்து 50 மில்லிகிராம் ஆனால் என்ன நடக்கும் என்று எந்த நர்ஸுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் போனில் மருந்து ஆர்டர் வாங்கும்போது "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எழுதிக்கொண்டதைத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும் என்று பழக்குகிறோம். இந்தப் பழக்கத்தை வளர்க்க ஆடியோ பாடம் அருமையான கருவி. ஆனால் சில கோர்ஸ்களில் ஆசிரியர் போன் காலில் எடுத்த வகுப்பை அப்படியே பதிவு செய்து விற்கிறார்கள். பழைய போன் இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், ஆங்கிலத்தில் எஸ் ஒலியையும் எஃப் ஒலியையும் பிரித்துக் காட்டும் கீச்சுப் பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அப்படிப் பதிவான பாடத்தைக் கேட்டு ஹைட்ராலசின், ஹைட்ராக்ஸிசின் என்ற இரண்டு மருந்தையும் பிரித்தறியப் பழகுங்கள் என்றால் எப்படிப் பழகுவது? முதலாவது ரத்த அழுத்தத்துக்கு, இரண்டாவது அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. வாங்குவதற்கு முன் ஓடுகிற பஸ்ஸில், ஜன்னல் திறந்திருக்கும்போது, மாதிரிப் பாடத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்கிறேன். வீட்டு அறையில் கேட்டுப் பார்த்து வாங்கிப் பயனில்லை, அங்கே உட்கார்ந்து அவர்கள் கேட்கப் போவதில்லை.

அதே நேரம் பைக்கில், ஸ்கூட்டியில் போகும்போது இயர்போன் மாட்டிக்கொண்டு பாடம் கேட்க வேண்டாம். "வண்டி ஓட்டும்போதும் படிக்கலாம்" என்று விளம்பரம் செய்கிற ஆட்களுக்கு எங்கள் விபத்துப் பிரிவில் நைட் டியூட்டி எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

தேர்வுக்கான ஆடியோ என்றால் தேர்வின் விதிப்படி இருக்க வேண்டும். ஓ.இ.டி. லிசனிங்கில் 42 கேள்வி, மூன்று பகுதி. முதல் பகுதியில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசுகிற இரண்டு உரையாடலைக் கேட்டுக்கொண்டே குறிப்பை நிரப்ப வேண்டும், அதற்கு மட்டும் 24 கேள்வி. எல்லாமே ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். ஆனால் பயிற்சி ஆடியோவில் என்ன செய்கிறார்கள் என்றால், ஒரே ஆள் நோயாளியாகவும் நர்ஸாகவும் பேசுகிறார், அதுவும் நம் ஊர் உச்சரிப்பில், மெதுவாக, முக்கியமான சொல்லை அழுத்தி அழுத்தி. கேட்கிறவருக்கு எல்லாம் புரிகிறது, தைரியம் வந்துவிடுகிறது. அப்புறம் தேர்வு அறையில் ஆஸ்திரேலியர் ஒருவர் தன் முதுகுவலியைப் பற்றி வேகமாகப் பேசி, நடுவில் தேதியை மாற்றிச் சொல்லித் திருத்தும்போது கை நின்றுவிடுகிறது. எங்களிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படித்தான் தேர்வுக் கட்டணத்தை இழந்தாள், அது அவளுக்குச் சின்னத் தொகை இல்லை. தொடக்கத்தில் மெதுவான ஆடியோ இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் கோர்ஸின் கடைசி மூன்றில் ஒரு பகுதியாவது உண்மையான வேகத்தில், பல ஊர் உச்சரிப்பில், பின்னணிச் சத்தத்தோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதனால்தான் முதல் பாடத்தை மட்டும் இலவசமாகக் கொடுப்பதை நான் நம்புவதில்லை. முதல் பாடத்தை எல்லோருமே நன்றாகச் செய்து வைக்கிறார்கள். நடுவில் இருந்து ஒரு பாடத்தைக் கொடுங்கள் என்று கேளுங்கள், கொடுக்க மறுத்தால் வாங்காதீர்கள்.

பாடம் எப்போது பதிவு செய்யப்பட்டது என்ற தேதியும் வேண்டும். புத்தகம் என்றால் உள்பக்கத்தில் பதிப்பு ஆண்டு இருக்கும், ஆடியோ ஃபைலில் அதைத் தேடினாலும் கிடைக்காது. இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியில் 2010-ல் வரிசையே மாறியது. அதற்கு முன் மூச்சுப் பாதையைத் திறப்பது முதலில், 2010-க்குப் பின் மார்பை அழுத்துவது முதலில். 2015-ல் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்று வரம்பு வைத்தார்கள். பழைய வரிசையைச் சொல்லும் ஆடியோ ஒன்று இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, குரல் இனிமையாக இருப்பதால் எல்லோரும் அதையே அனுப்புகிறார்கள். சட்டம் படிக்கிறவர்களுக்கும் இதே ஆபத்து. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கான தண்டனை 302-வது பிரிவில் இருந்து 103-க்குப் போய்விட்டது. இன்றைக்கும் பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்கும் ஆடியோவை ஒரு காவலர் காசு கொடுத்து வாங்கினால் அந்தக் காசுக்கு யார் பொறுப்பு?

மொழியைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத் தேர்வு என்பதற்காக விளக்கத்தையும் ஆங்கிலத்திலேயே கொட்ட வேண்டியதில்லை. பதினைந்து வருடம் வார்டில் நின்றவருக்கு நோயைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம், அவருக்கு வேண்டியது அந்த அனுபவத்தை வெளிநாட்டு நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதுதான். தமிழில் நிலைமையைச் சொல்லி, "இப்போது நோயாளியிடம் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆடியோவுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பெரியவர்களைப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நடத்துகிற தொனி எந்த மொழியில் வந்தாலும் எரிச்சல்தான்.

எங்கள் மருத்துவமனையில் நாங்கள் செய்வது எளிமையானது, யாரும் செய்யலாம். ஒரு பாடத்தைக் கேட்பதற்கு முன் அதில் இருந்து பத்து கேள்வி கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொள்வோம். அப்புறம் கேட்கச் சொல்வோம். கேட்ட உடனே சோதிக்க மாட்டோம், அதில் எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ இடையில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். எனவே நாங்களும் ஒரு வாரம் விட்டு அதே கேள்விகளை வேறு மாதிரி கேட்கிறோம். பாடத்தைக் கேட்காத இரண்டு மூன்று பேரிடமும் கேட்கிறோம். கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வித்தியாசம் இல்லை என்றால் அந்தக் கோர்ஸைப் பரிந்துரைக்க மாட்டோம். சில சமயம் பிரபலமான, விலை அதிகமான கோர்ஸே இதில் தோற்கிறது, ஒரு கல்லூரி ஆசிரியர் இலவசமாகப் பதிவு செய்து வைத்த பத்து நிமிடப் பாடங்கள் ஜெயிக்கின்றன. நேரம் இல்லாதவர்களுக்குப் பத்து நிமிடம் என்ற அளவும் சரியாக இருக்கிறது.

போனில் இடம் பிடிப்பதையும் பார்க்க வேண்டும். பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவில் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடம், போதும், அதில் ஒரு மணி நேரம் சுமார் 29 எம்.பி.தான் வரும். தேவையில்லாத பின்னணி இசை போட்டு இதைவிடப் பல மடங்கு பெரிய ஃபைலைக் கொடுத்து, டவுன்லோடு செய்யவும் விடாமல் ஆப்பிலேயே ஓட வைத்தால், டவர் கிடைக்காத இடங்களில் பாடம் நின்று நின்று வரும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். புத்தகத்துக்கும் சினிமாவுக்கும் உங்கள் பத்திரிகையில் விமர்சனம் வருகிறது. வாரத்துக்கு ஒரு ஆடியோ கோர்ஸை எடுத்து, அந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து என்ன நினைவிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். நர்ஸுக்கான கோர்ஸை நர்ஸ் கேட்கட்டும், வங்கிக்கானதை வங்கி ஊழியர் கேட்கட்டும். பதிவு செய்த ஆண்டு, எழுத்து வடிவம் உண்டா, டவுன்லோடு செய்ய முடியுமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்ற நான்கையும் கூடவே போடுங்கள். ஆடியோ கோர்ஸ் விளம்பரங்களை வாங்கும்போதும் பதிவு செய்த ஆண்டையாவது போடச் சொல்லி வற்புறுத்துங்கள். செவிலியர் பாடங்களைக் கேட்டுப் பார்த்துச் சொல்ல எங்கள் குழுவில் ஆட்கள் இருக்கிறார்கள், காசு வேண்டாம், டியூட்டி பட்டியலைப் பார்த்து ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்சியாளர் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.